பதினொரு நாள் போக மீதிக் காற்று

ஒரு மாடு தும்மியதற்கு மூன்று பக்கம் குறிப்பு எழுதினாராம். நான் நேரில் பார்க்கவில்லை. அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு ஏசி பழுதுபார்க்கப் போனவர் என் சகலையிடம் சொல்லி, சகலை என்னிடம் சொன்னது. தும்மல் எந்தத் திசைக் காற்றில் போயிற்று என்பதற்கே ஒரு பக்கமாம். பொய்யாக இருக்கலாம். ஆனால் ஆளைத் தெரிந்த யாரும் மறுக்கவில்லை.

வாசகரே, காற்றை அளப்பவர் என்று ஓர் இனம் உண்டு; தும்மலுக்குக் குறிப்பு எழுதியவர் அந்த இனம். வயல்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் கிளம்புகிற புகை, தூசி, சாணமும் உரமும் விடுகிற அம்மோனியா எல்லாம் எங்கே போகின்றன, எந்த மரத்தின் இலையைக் கருக்குகின்றன, எந்தக் குளத்தில் பாசியை வளர்க்கின்றன, யார் நெஞ்சில் போய் உட்காருகின்றன என்று ஆராய்வது இவர் தொழில். அருமையான தொழில். குறை சொல்ல நான் யார்?

அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்குமுன் ஜன்னலைப் பார்ப்பார், பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து, அது பீப் என்றதும் நெற்றியைச் சுருக்கி, நோட்டில் எழுதி, நோட்டை மூடி, பேனாவையும் மூடி, அப்புறம்தான் "சௌக்கியமா?" என்பார். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "பொதுவா அப்படிச் சொல்லிட முடியாது." எதற்கும் இதே பதில்தான். சர்க்கரை போதுமா என்று தன் மனைவி கேட்டதற்கும் இதையே சொல்லி, "அப்ப காபியும் பொதுவா கிடைக்காது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

இவருக்கு ஒரு தங்கை. மாட்டுப் பண்ணையை ஒட்டிய வாடகை வீடு, இருமுகிற ஏழு வயது மகள். இன்னொரு வருடம் இருப்பதா, காலி செய்வதா என்று மாதக் கடைசிக்குள் வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டும். ஊர்க் காற்றையெல்லாம் அளக்கிற அண்ணன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பாள்?

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. அவள் வீட்டுப் பின்பக்கம் கம்பம் நட்டு, கம்பத்தில் கருவி கட்டி, மூன்று மாதம் அளந்து, அந்த அளவுகளை வைத்து ஒரு கட்டுரையும் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார்.

"அம்மோனியா சராசரி, பாதுகாப்பு வரம்புக்குள்ளதான் இருக்கு."

"அப்ப இருக்கலாமா அண்ணா?"

"பொதுவா அப்படிச்..."

"சரி விடு. நடுநடுவுல இது என்ன ஓட்டை?"

"அதுவா? ஒரு பதினொரு நாள் அளவு தாறுமாறா எகிறிடுச்சு. அவ்வளவெல்லாம் இருக்க முடியாது. கருவிக் கோளாறுன்னு கணக்கிலேர்ந்து எடுத்துட்டேன்."

தங்கை எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி வந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பண்ணையில் சாணக் கரைசலை வயலுக்குத் தெளிக்கிற நாளெல்லாம் மகளுக்கு மூச்சு இழுக்கும். அந்தத் தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பது அவள் பழக்கம். அளந்த மூன்று மாதத்து வட்டங்களை அண்ணன் எண்ணினார். பதினொன்று. தேதிகளைப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"உன் கருவிக்கு ஒண்ணும் ஆகலை அண்ணா. அது பாவம், உள்ளதைச் சொல்லியிருக்கு."

நீங்களும் நானும் என்றால் அப்போதே மூட்டை கட்டச் சொல்லியிருப்போம். அவரோ, "பதினொண்ணு ரொம்பச் சின்ன எண்ணிக்கை, இன்னும் மூணு மாசம் அளந்தா..." என்று முனகியபடி செருப்பைத் தேடினார். ஏன் தெரியுமா? அந்த நாட்களைச் சேர்த்தால் சராசரி வரம்பைத் தாண்டும்; தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்; பெற்றால், ஒரு குழந்தையின் மூச்சிரைப்பைக் கருவிக் கோளாறு என்று தள்ளியவர் அதன் தாய்மாமன்தான் என்று ஆகிவிடும்.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தொலைவிலிருக்கிற நம் அம்மாவின் குரல் ஒருநாள் தளர்ந்து கேட்டால் "லைன் சரியில்லை" என்று நாம் சொல்வதில்லையா? அந்த ஒருநாளைக் கழித்துவிட்டு, மற்ற நாட்களின் சராசரியில் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தூங்கப் போவதில்லையா? கம்பமும் கருவியும் இல்லையே தவிர, நீங்களும் அந்த இனமாக இருக்கலாம். பொதுவாக அப்படிச் சொல்லிவிட முடியாதுதான்.

இன்று மாதக் கடைசி. அவர் மேசையில் போன் அடிக்கிறது. திரையில் தங்கையின் பெயர். எடுத்தால் இரு என்றோ கிளம்பு என்றோ ஒரே வார்த்தையில் சொல்லியாக வேண்டும். அவர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது அடித்துக்கொண்டேயிருக்கிறது.