வாழைப்பழ மாஸ்ரரும் வேம்படி வைரவரும்

நீர்வேலி வாழைப்பழத்தைத் தின்றவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு, சாமிக்குப் படைத்தவர்கள் உண்டு. அதற்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று காத்துக்கொண்டிருந்த மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. எங்கள் ஒழுங்கையில் அதை ஒருவரும் கேட்டதில்லை. வாழைப்பழ மாஸ்ரர் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவர், நாற்பது தாண்டிய பிரமச்சாரி. வேலையோடு வேலையாகப் பெரிய பட்டம் ஒன்றுக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெட்டி வைத்த வாழைப்பழம் கறுத்துப்போகிறதல்லவா, அதற்குப் பழத்துக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் காரணமாம். தேயிலை, பாக்கு, மாதுளந்தோல் என்று துவர்ப்பான எதைக் கண்டாலும் அந்தப் புரதம் விடாதாம். மாஸ்ரர் பழத்தைக் கரித்தூளோடு குழைத்து, ஒரு சின்னக் குழாயின் நுனியில் அடைத்து, கம்பி செருகி, தேயிலைச் சாற்றில் தோய்ப்பார். கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி அதற்கு மின்சாரம் கொடுக்கும். மடிக்கணினியில் ஒரு கோடு மேடு மாதிரி ஏறி இறங்கும். மேடு எவ்வளவு உயரமோ, சாற்றில் துவர்ப்புச் சத்து அவ்வளவு அதிகம். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இதையும் அவர் குசினி வாசலில் என்னை மறித்து வைத்து, அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வரை விளக்கினார்.

கலியாண வீட்டுக்குக் கூட்டிப் போனால் மானம் போய்விடும். பந்தியில் வைத்த பழத்தை மணந்து பார்த்து, கதலியா இதரையா என்று யோசித்து, கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பார். ஒருமுறை பக்கத்து இலைக்காரர், பாவம் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று நினைத்துத் தன்னுடையதையும் எடுத்துக் கொடுத்தார். மாஸ்ரர் அதையும் மணந்து பார்த்துவிட்டு, கனிந்தது காணாது, இன்னும் பழுக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார். கோவிலில் பிரசாதப் பழம் கொடுத்த ஐயரிடம், இது மரத்தில் பழுத்ததா, புகை போட்டதா என்று கேட்டார். அன்றிலிருந்து ஐயர் அவருக்கு விபூதி மட்டும்தான் கொடுப்பார்.

நான் தேத்தண்ணி கொடுத்தால் முதலில் ஒரு குப்பிக்குள் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டுத்தான் குடிப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு நாள் அறைக்குள்ளிருந்து ஓடி வந்து, "அக்கா, உங்கடை தேத்தண்ணியின்ரை மேடு மாதிரி ஒரு மேட்டை நான் காணேல்லை" என்றார். என் வீட்டுக்காரர் என்னைக் கட்டின நாளிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிற தேத்தண்ணி. இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று முதல் மாஸ்ரருக்குக் குப்பிக்குத் தனியாக, குடிக்கத் தனியாக ஊற்றினேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மணியக்காவின் மில் குறுக்கே வரும் வரை. மணியக்கா எங்கள் அடுத்த வீடு. புருசன் காலமான பிறகு தனியாளாக நின்று மில்லில் அரிசியும் மிளகாயும் அரைத்துக் கொடுக்கிறவர். அந்த மோட்டரைப் போட்டதும் மாஸ்ரரின் கோடு குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்கும். மாஸ்ரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கொஞ்ச நேரம் மில்லை நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்த்தார். மணியக்கா மிளகாய்த் தூள் அப்பின கையை இடுப்பில் ஊன்றினார்.

"மாஸ்ரர், உங்கடை வாழைப்பழத்துக்கு நடுக்கமெண்டு நான் ஊரைப் பட்டினி போடேலுமோ?"

அடுத்த நாள் மாஸ்ரர் என்னிடம் வந்து கோழிக்கூட்டைக் கேட்டார். கம்பி வலைக்குள் இருந்தால் வெளி மின்சாரத்தின் தொல்லை குறையுமாம். கோழிகளைத் துரத்திவிட்டு, கூட்டைக் கழுவித் துடைத்து, பெட்டியும் கணினியுமாக உள்ளே குந்திக்கொண்டார். என் கோழிகள் என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் வரிசையாகக் குடியேறின. இவர் தினமும் காலையில் சீற்றைக் கழுவிக்கொண்டு என்னைத்தான் ஏசினார். பார்க்க வந்த கல்வி அதிகாரி ஒருவர், மாஸ்ரர் எங்கே என்று கேட்டபோது, கோழிக்கூட்டுக்குள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூடு மட்டும் போதாதாம். அதிலிருந்து ஒரு வயர் இழுத்து நிலத்துக்குள் விட வேண்டுமாம். வேலியோரம் வேம்படியில் ஒரு நீட்டு இரும்புக் கம்பியை அடித்து இறக்கினார். மண் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் தினமும் விடியக் குளித்துவிட்டு, ஈர வேட்டியும் விபூதியுமாக, அன்றைய கணக்கை வாய்க்குள் முணுமுணுத்தபடி கம்பிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு காலை போய்ப் பார்த்தால் கம்பியின் தலையில் செவ்வரத்தம்பூ. அடுத்த நாள் சந்தனம். வெள்ளிக்கிழமை கர்ப்பூரமும் வடை மாலையும். மணியக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். வேம்படியில் வைரவர் வந்திருக்கிறார் என்று ஒழுங்கை முழுக்கச் செய்தி. பூசை நேரத்தில் மில் ஓடினால் வைரவருக்கு ஆகாது என்று மணியக்கா தானாகவே காலையில் மோட்டரை நிறுத்தினார். மாஸ்ரரின் கோடு நடுக்கம் விட்டது. வடையை மாஸ்ரர் சாப்பிட்டார்.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து முடிவான சொல் வந்தது. சித்திரை வருசப் பிறப்பு முடிந்ததும் ஆய்வைக் கொடுக்க வேண்டும், இனித் தவணை கிடையாது, தவறினால் பதிவு ரத்து. இத்தனை வருசப் பாடும் போய்விடும். மிச்சம் இருந்தது ஒரேயொரு அளவீடு. பழம் பதமாகக் கனிந்து வருவதோ வருசப் பிறப்புக்கு முந்தின நாள். காலையிலிருந்து பின்னேரம் வரை கோடு நடுங்கக் கூடாது. பலகாரத்துக்கு மா அரைக்க வருகிற சனம் மில் வாசலில் முண்டியடிக்கிற நாள் அது.

மணியக்காவிடம் வைரவருக்கு ஒரு பெரிய பூசை என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது. நான் மாஸ்ரரிடம் அதைத்தான் சொன்னேன். மாஸ்ரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இல்லை அக்கா, ஒரு மனுசியின்ரை பக்தியை ஏமாத்தி எடுக்கிற கோட்டை நான் எப்பிடிக் கொண்டு போய்க் குடுக்கிறது?" பைத்தியமா உங்களுக்கு, பேசாமல் இருங்கோ என்று கத்திப் பார்த்தேன். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்கே போய்விட்டார். அவருடைய படிப்பு அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

மாஸ்ரர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அது வைரவர் இல்லை, வெறும் கம்பி, வடை தின்றதும் தான்தான். மணியக்கா மா அரிப்பதை நிறுத்தவில்லை.

"மாஸ்ரர், என்ரை மில் மோட்டருக்கும் நிலத்துக்குள்ளை கம்பி இறக்கித்தான் கிடக்கு. உது கம்பியெண்டு எனக்குத் தெரியாதோ?"

மணியக்கா அரிதட்டைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"தனிய இருக்கிற பொம்பிளை நான். உங்களுக்காக மில்லை நிப்பாட்டினனெண்டா ஒழுங்கை முழுக்கக் கதைக்கும். வைரவருக்கெண்டா ஆர் வாய் திறப்பினம்? போய் உங்கடை பழத்தைப் பாருங்கோ. நாளைக்கு வைரவருக்குப் பொங்கல்."

அடுத்த நாள் மில் பூட்டியிருந்தது. மணியக்கா படலை வாசலில் நின்று அரிசியோடு வந்தவர்களை வைரவரின் பெயரால் திருப்பி அனுப்பினார். ஒழுங்கையில் ஒரு தண்ணீர் மோட்டர்கூட ஓட விடவில்லை. பின்னேரம் மாஸ்ரர் தலையில் கோழி இறகோடு கூட்டுக்குள்ளிருந்து தவழ்ந்து வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். கணினியில் ஒரு மேடு, நடுக்கமே இல்லாமல் அழகாக எழுந்து இறங்கியிருந்தது. மணியக்கா அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து பார்த்தார். "உதுக்கோ இவ்வளவு பாடு?" என்றார். பிறகு மெதுவாக, "வடிவாத்தான் கிடக்கு" என்றார்.

மாஸ்ரருக்குப் பட்டம் கிடைத்தது. மாற்றலும் கிடைத்து வவுனியாவுக்குப் போய்விட்டார். கோழிகள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன. போகும்போது அவர் கம்பியைப் பிடுங்கக் குனிந்தார். மணியக்கா விடவில்லை. இப்போது வேம்படியில் சின்னதாக ஒரு கொட்டில்கூட இருக்கிறது, அயலெல்லாம் வந்து கும்பிடுகிறது. அது வெறும் இரும்பு என்று இங்கே தெரிந்தவர்கள் மணியக்காவும் நானும்தான். விடிந்ததும் அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறவர்களும் நாங்கள் இரண்டு பேரும்தான்.