கழிவு போக பதினாறு கிலோ

உங்கள் பிள்ளையை யாராவது வெங்காயத் தராசில் எடை போட்டிருக்கிறார்களா? என் வீட்டுக்காரர் போட்டார்.

அவர் செழியன். திண்டுக்கல் வெங்காய மண்டியில் எடை போடுகிற ஆள். சாக்கைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்வார். ஒருநாள் அவர் அண்ணன் மகனைத் தூக்கினார். அடுத்து எங்கள் மலரைத் தூக்கினார். முகம் மாறிவிட்டது.

"மகேசு, ரெண்டும் மூணு வயசுதான? இவ என்ன இம்புட்டு லேசா இருக்கா?"

"அவன் ஏழு மாசம் மூத்தவன். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வாகுங்க."

"ஒரே மண்ணுல வெளஞ்ச சரக்கு ஒரே எடைதான் காட்டணும்!"

மறுநாளே மலரை மண்டிக்குத் தூக்கிப் போனார். பெரிய தராசில் நிற்க மாட்டேன் என்றாள் அவள். சாக்குக்குக் கழிக்கிற மாதிரி, முதலில் தான் மட்டும் ஏறினார்: எழுபது. பிள்ளையோடு ஏறினார்: எண்பத்து மூன்று. கழிவு போக மலர் பதிமூன்று கிலோ. காலண்டரில் எழுதிவிட்டு முழங்கினார்.

"ஒரே மாசம்! பிள்ளையைத் தேத்திக் காட்டுறேன்!"

அன்றிலிருந்து மலர் தட்டில் ஆறு இட்லி, இரண்டு முட்டை, மத்தியானம் நெய்ச்சோறு, சாயங்காலம் கறிச்சோறு. அவள் இரண்டு இட்லியோடு வாயை மூடிக்கொள்வாள். இவர் திணிப்பார், அவள் அழுவாள். பத்தே நாளில் தட்டைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மிச்சம் வீணாகக் கூடாதே என்று அவரே சாப்பிட்டார். தினமும். மூன்று வேளையும். சட்டைப் பித்தான் இரண்டு தெறித்தது. "துவைச்சதுல சுருங்கிருச்சு" என்றார்.

மாதக் கடைசியில் மண்டியிலிருந்து கூவிக்கொண்டே வந்தார்.

"பிள்ளையோட ஏறுனேன், எண்பத்தாறு! என் எழுபது போக பதினாறு! மூணு கிலோ ஏத்திட்டேன்ல! அடுத்த மாசம் எட்டு இட்லி!"

'இந்தத் தடவை உங்களைத் தனியாப் போட்டீங்களா?' என்று கேட்க வந்தேன். பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"எதுக்கும் அங்கன்வாடியில ஒருதரம் பாத்துருவோம். வீட்டுல யாரு எடை சரியில்லையோ, அவுகளுக்கு அக்கா சொல்ற சாப்பாடுதான். சம்மதமா?"

"நூறு தடவை சம்மதம்!"

அங்கன்வாடி ஆனந்தமேரி அக்கா மலரின் செருப்பைக் கழற்றி எடை பார்த்தார். உயரம் அளந்தார். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். பதிமூன்று கிலோ இருநூறு.

"இருநூறு கிராமா? மூணு கிலோ எங்கக்கா போச்சு?"

"மூணு கிலோ ஏறியிருந்தாத்தான் தம்பி பயப்படணும். பிறந்ததுல இருந்து இவ புள்ளியைப் பாருங்க, பச்சைப் பட்டைக்குள்ளயே சீரா ஏறி வருது. உயரத்துக்குத் தக்க எடை. அடுத்த வீட்டுப் பிள்ளையோட இல்ல, போன மாச மலரோட ஒப்பிடுங்க."

"அக்கா, காணாமப் போனதைத் தேடணும். மாசமா இருக்கவுகளுக்குப் போடுற தராசை எடுங்க" என்றேன்.

செழியன் ஏறினார். எழுபத்திரண்டு கிலோ எண்ணூறு.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இதுல நிக்கிறவுகளுக்கு மாசாமாசம் ஏறுனா எனக்குச் சந்தோசம் தம்பி. உங்களுக்கு அப்பிடிச் சொல்ல முடியலையே."

சம்மதம் சம்மதம்தான். இப்போது அவர் தட்டில் இரண்டு இட்லி, ஒரு கரண்டி சுண்டல். மலர் கட்டிலடியை மறந்து, தானே எடுத்துத் தின்கிறாள். நேற்று அவளாகவே மூன்றாவது இட்லியை எடுத்தாள். இவர் மெல்ல அவள் பக்கம் குனிந்தார்.

"மலரு, அப்பாவுக்கு அரை இட்லியாவது மிச்சம் வைம்மா."