அப்பச்சோடாவும் மேட்டு ஓட்டமும்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் இரண்டு கைகளாலும் தொங்கிக்கொண்டிருந்தான் கஜீபன்.

"எழுபத்திரெண்டு," என்றார் கணக்கப்பிள்ளை பழனிமுத்து. "போன மாசம் அறுபத்தொம்போதுதானே?"

"ஓட்டத்துக்குப் பவுடர் சாப்பிடுறேங்க. கிரியேட்டின். ஒடம்புல தண்ணி புடிக்குமாம்."

"அப்ப தண்ணிக்கு மூணு கிலோ கழிச்சுக்கிறேன்," என்றார் அவர், ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற அதே பழக்கத்தில். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

கஜீபனுக்குச் சிரிப்பு வரவில்லை. சுஜீதாவைக் கட்டி, அவள் தோட்டத்துக்கே வந்து, ஃபெக்டரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வரிசை வீடுகளான லயத்தில் இன்னும் அவன் 'சுஜீதா புருஷன்'தான். ஆனால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் யோகராஜ் வந்தால் பெண்கள் முதல் தேத்தண்ணியை அவனுக்கு ஊற்றுகிறார்கள். தோட்டத்துத் துரை ஜீப்பை நிறுத்திப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஏன் என்று கேட்டால், "மூணு வருஷமா அவருதானே ஓட்டத்துல ஃபர்ஸ்ட்டு" என்கிறார்கள்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்து ஃபெக்டரி வாசல் வரை நானூறு மீட்டர் மேடு. இந்த வருடம் தோட்டம் தன் பேரைச் சொல்லியாக வேண்டும். பொறாமையில் கஜீபனுக்குச் சோறு இறங்கவில்லை. பவுடர் மட்டும் இறங்கியது.

பவுடர் எடையைத்தான் கூட்டியது என்றதும் மானத்தை விட்டு யோகராஜிடமே போனான்.

"என்னாத்தங்க சாப்பிட்டு இப்பிடி ஓடுறீங்க?"

"பீட்ரூட் சாறு நல்லதுன்னு சொல்றாங்க தம்பி. இந்தாங்க, நம்ம வீட்டுக்குப் பின்னால வெளஞ்சது." ஒரு பை நிறையக் கொடுத்தான் யோகராஜ். "நல்லா ஓடுங்க. நீங்க ஜெயிக்கணும்."

ஆள் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். கஜீபனுக்கு அது இன்னும் எரிந்தது.

நான்கு நாள் குடித்தான். ஐந்தாம் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. "பீட்ரூட் தின்னா அப்பிடித்தான்" என்று டிஸ்பென்சரி ஐயா சொல்வதற்குள் அரை லயம் துக்கம் விசாரித்துவிட்டது.

அடுத்து கோப்பி குடித்தால் வேகம் வரும் என்று ஃபோன் சொன்னது. நாளைக்கு ஆறு கோப்பி குடித்தான். வேகம் வரவில்லை, தூக்கம் போனது. மூன்றாம் நாள் இலை உலர்த்தும் இடத்தில் நின்றபடியே தூங்கி டீமேக்கரிடம் ஏச்சு வாங்கினான்.

"நீங்க ஓட வேணாங்க," என்றாள் சுஜீதா. "யோகராஜ் அண்ணனே ஃபர்ஸ்ட்டு வரட்டும்."

"அவ்வளவு பாசமா ஒன் அண்ணன் மேல?"

"அதில்லீங்க. ஃபர்ஸ்ட்டு வந்தா என்னா ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். ஒன் மொகம் சுருங்கும்."

"எக்கேடோ கெட்டுப் போங்க," என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போட்டியன்று காலை ஃபோன் கடைசி வழியைக் காட்டியது. அப்பச்சோடா, அப்ப மாவு பொங்கப் போடுகிற சோடா மாவு. அது ஏதோ அளவு சொன்னது, கஜீபன் அதைப் படிக்கவில்லை. மூன்று கரண்டியைத் தண்ணீரில் கலக்கி மடக்மடக்கென்று குடித்தான்.

விசில் ஊதியபோது வயிறும் ஊதியது. நூறு மீட்டரில் உறுமியது. இருநூறில், ஃபெக்டரிக்குப் பின்னால் இருக்கும் கக்கூஸைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. யோகராஜைத் தாண்டினான். நாடாவை அறுத்தான். நிற்காமல் அப்படியே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இருபது நிமிடம் கழித்து அவன் வெளியே வந்தபோது தோட்டமே கைதட்டியது. "எங்க கஜீபன்," என்று கன்னையா கங்காணி முதுகில் தட்டினார். பெண்கள் முதல் தேத்தண்ணியை அவனுக்கு நீட்டினார்கள். யோகராஜ் கண் கலங்கக் கட்டிப்பிடித்தான். சுஜீதா மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பொறாமைக்காரி என்று நினைத்துக்கொண்டு கஜீபன் நெஞ்சை நிமிர்த்தினான்.

பழனிமுத்து கூட்டத்தை விலக்கி வந்து, முகத்துக்கு வலை தைத்த தொப்பியையும் ஒரு மண்ணெண்ணெய்ப் பந்தத்தையும் அவன் கையில் வைத்தார்.

"பன்னெண்டாம் நம்பர் மலையில ரெண்டு குளவிக்கூடு இருக்கு கஜீபன், ஃபர்ஸ்ட்டு வாற ஆளுதான் வருஷம் பூரா கொளுத்திட்டு ஓடியாறது. பாவம் யோகராஜ், மூணு வருஷமா மெதுவாத்தான் ஓடிப் பாத்தாரு, மத்தவங்க எல்லாம் அவர விட மெதுவா ஓடுறாங்க."