எஞ்சின் ஓட்டையும் சம்பந்தியின் கோட்டும்

மனைவி கெட்டிக்காரியாக இருந்தால் கணவன் பெருமைப்படுவான். வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டால் அந்தக் கெட்டித்தனத்தில் ஒரு துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொள்ளவும் பார்ப்பான். நான் முழுவதையுமே அள்ளிப் போட்டுக்கொண்டவன்.

என் மனைவி ஜெசிந்தா விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிறாள். நான் காப்புறுதி அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். (மவுஸ் பிடித்தே எனக்குக் கை நோகும்.) ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில் எங்கள் வீட்டுக் கராஜில், அறுபதுகளில் வந்த ஒரு பழைய காரை அவள் கழற்றிப் போட்டிருந்தாள். மகள் அனற் மணப்பெண்ணாக அதில்தான் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்று தாயும் மகளும் முடிவு செய்திருந்தார்கள்.

எஞ்சின் பிளொக்தான் சண்டித்தனம் செய்தது. வார்த்தபோதே இரும்புக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழிகள், சுற்றிலும் துருவேறி ஊசித்துளைகளாகி, உள்ளே ஓடும் தண்ணீரை வெளியே விட்டன. ஜெசிந்தா ஒவ்வொரு துளையையும் டிறிலால் கொஞ்சம் பெருப்பித்து, மரை வெட்டி, இரும்புத் திருகாணியை இறுக்கி, தலையை அறுத்து, சுத்தியலால் தட்டி, அரத்தால் ராவிவிடுவாள். பிறகு விரலால் தடவினாலும் எது பழைய இரும்பு, எது புதிது என்று தெரியாது. பல் வைத்தியர்கூட இவ்வளவு நறுவிசாக அடைக்கமாட்டார்.

ஒரே ஒரு துளை மிச்சமிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் அல்போன்ஸ் அண்ணை யூனியன்வில்லில் இருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பழைய கார் என்றால் அவருக்கு உயிராம். முதல்நாள் ஜெசிந்தா வேலைக்குப் போன நேரம், நான் எப்பொக்சிப் பசை வாங்கிவந்து, துளையைப் பழந்துணியால் துடைத்துவிட்டு அப்பினேன். மேலே சாம்பல் நிறப் பெயின்ற். பார்க்க அசல்போலவே இருந்தது. (அந்த இரும்பு அரை நூற்றாண்டாக எண்ணெய் குடித்திருந்தது. எண்ணெயில் ஒட்டாதென்று பசைக் குழாயின் முதுகிலேயே எழுதியிருந்ததாம். எதனுடைய முதுகையும் வாசிக்கும் பழக்கம் எனக்கில்லை.)

ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து அண்ணை புதுக் கோட்டோடு வந்து இறங்கினார். சோபாவில் விறைத்துக்கொண்டு இருந்தார். எதற்கும் சிரிக்கவில்லை.

"அப்பா, ப்ளீஸ், ஏதாவது கதையுங்கோ" என்று அனற் காதுக்குள் கெஞ்சினாள். ஜெசிந்தாவோ மேல்மாடியில் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவரைக் கராஜுக்குக் கூட்டிப்போனேன். அனற்றும் பின்னால் வந்தாள்.

அண்ணை குனிந்து பிளொக்கைத் தடவினார். "உது ஆர் செய்தது?"

"நான்தான், அண்ணை." (வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.)

"கசியாதோ?"

"இப்பவே காட்டுறன்."

ஜெசிந்தா சோதிப்பதைக் கதவடியில் நின்று பார்த்திருக்கிறேன். பிளொக்கின் வாய்களையெல்லாம் தகடு வைத்து மூடி, பம்பால் உள்ளே காற்றடித்து, வெளியே சவர்க்காரத் தண்ணீர் பூசுவாள். கசிந்தால் அந்த இடத்தில் குமிழி வரும். அவள் காற்றை அளந்து விடுவாள். நான் விருந்தாளிக்குச் சோறு போடுவதுபோலத் தாராளமாக விட்டேன்.

'டப்' என்றது. என் பசை துண்டாகப் பறந்து, குனிந்து நின்ற அண்ணையின் நெற்றியில் அடித்தது. நான் பதறித் துள்ளியதில் சவர்க்காரத் தண்ணீர் வாளி சரிந்து, பாதி அவருடைய கோட்டிலும் மீதி சப்பாத்துக்குள்ளும் போனது. அனற் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கல்யாணம் இதோடு சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜெசிந்தா பட்டுச்சேலையோடு ஓடிவந்தாள். "கண்ணில படேல்லையே, அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி."

பிறகு துளையைப் பார்த்தாள். பிறகு என்னை. "ஆர் உதுக்குள்ள பசை அப்பினது?"

நான் குனிந்து, சரிந்த வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

"அப்ப மற்றதெல்லாம் ஆர் செய்தது?" என்று அண்ணை கேட்டார்.

"நான்தான். வேற ஆர்? ரொறன்ரோவில உப்பிடி அடைக்க எனக்குத் தெரிஞ்சு இன்னொரு ஆளில்லை. பொறுங்கோ, காட்டுறன்." (அடக்கம் என்பது ஜெசிந்தாவுக்குப் பொருத்தாத உதிரிப்பாகம்.)

முந்தானையை இடுப்பில் செருகி, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள். மிச்சப் பசையை வழித்து, எண்ணெய் போகக் கழுவி, துளைத்தாள். மரை வெட்டும்போது கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. கை அவசரப்படவே இல்லை. உதிர்ந்த இரும்புத்தூளைத் தொட்டுப் பார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொடுவதுபோல. அண்ணை நனைந்த கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு லைற் பிடித்தார். அவள் ராவி முடித்தபோது, நான் பசை அப்பிய இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு கிட்ட நின்று நான் அதைப் பார்த்தது அன்றுதான். வாய் திறந்தபடி நின்றேனாம்; அனற் சொன்னாள்.

மறுபடி காற்று. மறுபடி சவர்க்காரத் தண்ணீர். ஒரு குமிழிகூட வரவில்லை.

அண்ணை முதல்முறையாகச் சிரித்தார். "தங்கச்சி, என்ர மகன் குடுத்து வைச்சவன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். ஆனா பம்பில மட்டும் கை வைக்காதேங்கோ."

கல்யாணத்தன்று ஜெசிந்தாவே காரை ஓட்டினாள். ஒரு சொட்டும் கசியவில்லை. விருந்து மண்டபத்தில் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, நெற்றியைத் தொட்டுக் காட்டி, முழுக் கதையையும் சொன்னார். அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் எப்பொக்சி. இப்போது ஞாயிறு தவறாமல் அண்ணை வந்து ஜெசிந்தாவுக்கு லைற் பிடிக்கிறார். தேத்தண்ணி என் பொறுப்பு.

போன மாதம் பேத்தி பேசத் தொடங்கினாள். அம்மம்மா என்று சொல்ல இன்னும் நாக்குப் புரளவில்லை. என்னை மட்டும் தெளிவாகக் கூப்பிடுகிறாள்: "பொக்சி!"