இரண்டு குழுவிலும் இருப்பவர்

ரகசியமாகப் பேசி முடித்த தண்ணீர் லாரி விஷயம், காபி ஆறுவதற்குள் எதிர் அணிக்குப் போய்விட்டது. முடிச்சூர் அடுக்ககச் சங்கத் தலைவர் ஜீவானந்தத்துக்கு ரத்தம் கொதித்தது. அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் யாரோ, எதிர் அணித் தலைவர் தட்சிணாமூர்த்தியின் குழுவிலும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல் வேறு.

"ரெண்டுலயும் இருக்கிறது யாருன்னு கம்ப்யூட்டர்ல கண்டுபிடிங்க, ஃபிரெடி," என்றார், தன் குழுவில் இருந்த ஃபிரெடியிடம்.

ஃபிரெடிக்குத் தொழிலே அதுதான். மேடவாக்கத்தில் ஒரு பதிப்பு நிறுவனத்தில் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்புகளுக்கு ஸ்டைல்ஷீட் என்னும் நிரல் எழுதுபவர். இரண்டு குழுக்களின் பெயர்களையும் கோப்பாக்கி, நடுவில் ஒரு சமக்குறி போட்டார். அத்தனை பேரும் ஒற்றர்கள் என்று வந்தது. அந்த நிரல் மொழியில் சமக்குறிக்கு ஒரு குணம்: இந்தக் கூட்டத்தில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரோடு ஒத்துப்போனாலே போதும், மொத்தத்துக்கும் 'ஆமாம்' சொல்லிவிடும். அதை ஃபிரெடி விளக்குவதற்குள் தலைவர் பாதிப் பேரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

அவர்களைக் கெஞ்சித் திரும்பச் சேர்த்த பிறகு, ஃபிரெடி 'சமமில்லை' குறி போட்டுப் பார்த்தார். ஒரு ஜோடி வேறுபட்டாலும் அதற்கும் 'ஆமாம்'தான்.

"அப்போ ரெண்டும் சமமும்தான், சமமில்லையும்தானா?"

"ரெண்டுமே உண்மைதான் சார்."

தலைவர் பிரஷர் மாத்திரையைத் தேடினார்.

மூன்றாவது முறை ஃபிரெடி ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார். முதலில் தனசிங் என்று வந்ததும் தலைவர் அடுத்த வரிவரை பொறுக்கவில்லை. நேராக பி பிளாக் தனசிங் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினார். எதிர்க் குழுவில் இருந்தவரோ ஏ பிளாக் தனசிங். பெயர் ஒன்று, ஆள் வேறு. பி பிளாக்காரர் மனம் நொந்து, குடும்பத்தின் அத்தனை ஓட்டோடும் தட்சிணாமூர்த்தி பக்கம் சாய்ந்தார்.

ஃபிரெடி பிழையைத் திருத்தினார். பெயரோடு வீட்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒவ்வொருவரையும் எதிர்க் குழுவின் பட்டியலில் சேர்த்து, ஒரே ஆளை இருமுறை எண்ணாமல் கம்ப்யூட்டரை எண்ண வைத்தார். எண்ணிக்கை கூடாவிட்டால் அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். இந்த முறை ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது.

சங்க அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஃபிரெடி குனிந்து லேப்டாப் திரையில் வந்ததைப் படித்தார்.

"யாருய்யா அது?" என்றார் தலைவர்.

"நீங்கள்... அப்படின்னு வருது சார்."

தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தன்னையே ஒற்றன் என்று சொன்ன லேப்டாப்பை ஜன்னல் வழியாக வீசப் போனவரைப் பொருளாளர் புஷ்பலதா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு ஃபிரெடி பக்கம் திரும்பிச் சாவகாசமாகக் கேட்டாள்:

"ரெண்டு லிஸ்டையும் உங்க போன்லேருந்துதானே எடுத்தீங்க? வாட்ஸ்அப்ல 'நீங்கள்'னா, போன் யாரோடதோ அவங்கதான் சார்."