குருவி தெரிந்தவர்

விண்ணப்பத்தின் நாலாவது கேள்வி, ‘குருவிகளோடு எத்தனை ஆண்டுப் பழக்கம்?’ என்று இருந்தது. ரத்தினசாமி யோசிக்கவே இல்லை. ‘முப்பத்தாறு. சீசனில் ஒரு நாளைக்கு இருபதாயிரம் குருவி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

எம். புதுப்பட்டியில் குருவி என்றால், பற்றவைத்ததும் ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போகிற சின்ன வெடி. அதை எண்ணிக் கட்டும் ஷெட்டில் ஃபோர்மேனாக இருந்து ஆறு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். மலையடிவாரச் சரணாலயத்தில் அறுபது தாண்டியவர்களுக்குத் தன்னார்வ வேலை, குருவி தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை என்று வாட்ஸப்பில் வந்ததும், யானை விரட்ட வெடி ஆள் தேடுகிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

சம்பளம் கிடையாது. அதைப் பற்றி மனைவி செல்லக்கனிக்குக் கவலையும் கிடையாது. ஆறு மாதமாக அவர் அடுப்படியில் நின்று இட்லியை எண்ணி, ஓரம் உடைந்ததை ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“இதுவும் கெடைக்கலன்னா, இட்லிய விட்டுட்டு உங்களத்தான் ஒதுக்கி வைப்பேன், பாத்துக்கிடுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அன்று அவருக்கு இட்லி இறங்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. பேசியது சரணாலயத்தில் கணக்கெடுப்பை நடத்தும் அனுப்பிரியா.

“இருபதாயிரமா ஐயா? அவ்வளவையும் எங்க வச்சிருப்பீங்க?”

“அட்டைப் பெட்டியிலதான். பெட்டிக்குப் பத்து.”

மறுமுனையில் இருமல் கேட்டது. “மழை வந்தா?”

“வெளிய விடவே மாட்டோம். நனைஞ்ச குருவி வாயத் தொறக்காது.”

“வால் எம்புட்டு நீளம் விடுவீங்க?”

திரியைப் போய் வால் என்கிறாள். படித்த பிள்ளை, தொழில் வார்த்தை தெரியாது என்று மன்னித்தார்.

“ஒரு இஞ்சு, தாயி. அதுக்குக் கொறைஞ்சா வச்சவன் ஓடித் தப்பிக்க முடியாது.”

மறுபடி இருமல். சனிக்கிழமை காலை வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

வேலை உறுதி என்று செல்லக்கனி தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அவர் தம் பங்குக்கு மஞ்சள் பையில் சாம்பிள் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பினார்.

வாசலில் காவலர் அருள்பாண்டி பையில் என்ன என்று கேட்டார்.

“பத்து குருவி.”

“உசுரோடயா?”

“பழைய ஸ்டாக்குதான். ஆனா ஒண்ணொண்ணும் நின்னு பேசும்.”

அருள்பாண்டி விசிலை ஊதினார். தாம் வேட்டைக்காரர் இல்லை என்று காட்ட ரத்தினசாமி பெட்டியைத் திறந்தார். சரணாலயத்துக்குள் வெடியா என்று விசில் இன்னும் நீண்டது. அதைச் சமாளிக்க, யானை விரட்டத்தான் வந்தேன் என்றார்.

“யானை வீட்டுக்கே வந்து யானைய வெரட்டுவீகளோ?”

சத்தம் கேட்டு அனுப்பிரியா ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ‘பறவைகள் கணக்கெடுப்பு’ என்று பேனர். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு சிட்டுக்குருவி. ரத்தினசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. கூடவே, தெருவுக்கே சொல்லி வைத்திருக்கும் செல்லக்கனியின் முகமும் வந்து நின்றது.

“தப்பு நடந்துபோச்சு தாயி. எனக்குக் காக்காயத் தவிர எதுவும் தெரியாது. கெளம்புதேன்.”

“வந்தது வந்தீங்க. கண்மாயை ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க.”

கண்மாய்க் கரையில் பைனாகுலரோடு நின்ற பெரியவர்கள் இருவர், வந்திருப்பது எந்த வகை வாத்து என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு வட்டமடித்து, மலைப்பக்கம் போய்விட்டது.

“எம்புட்டு இருக்கும் ஐயா?”

“இருநூத்திப் பதினாலு. அதுல ஒண்ணு ரிஜெக்ட். எறகு சரியில்ல.”

அனுப்பிரியா, அவை பறந்தபோது தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினாள். இருநூற்றுப் பதினாலு. ஒன்று மட்டும் இறகு மடங்கிப் பின்தங்கியிருந்தது. அவள் பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, ஒரு பச்சைத் தொப்பியைக் கொடுத்தாள்.

வாசலுக்குத் திரும்பும்போது அந்தத் தொப்பி அவருக்குக் கனத்தது. பெட்டி, மழை, வால் என்று போனில் பேசியதை ஒன்று விடாமல் அருள்பாண்டியிடம் சொன்னார்.

“பாவம்யா அந்தப் புள்ள. அம்புட்டையும் நெசக் குருவின்னு நம்பித்தான என்னக் கூப்பிட்டிருக்கு.”

வெடிப் பெட்டியை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த அருள்பாண்டி நிமிர்ந்தார்.

“நெசக் குருவிக்கு வால் எம்புட்டு நீளம் விடுவீகன்னு யாராச்சும் கேப்பாகளா அண்ணாச்சி? மேடத்தோட அம்மா உங்க புதுப்பட்டியில இருபது வருசம் குருவிக்குத் திரி வச்சவுக.”