காலை நீட்டி உட்கார ஒரு கிரெடிட் கார்டு

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் அக்காவின் வலது முழங்காலை விட்டுவிட்டால் அனைவரும் நலமே. அங்கே நீங்களும் வீட்டாரும் லாரிகளும் பழுதில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் போனில், "அத்தான், டீசலுக்கே மாசாமாசம் கொட்டிக் குடுக்கறேன். பேசாம பாயிண்ட் குடுக்கற கிரெடிட் கார்டு ஒண்ணு வாங்கிடலாமா? நீங்கதான் வச்சிருக்கீங்களே, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் உங்கள் அக்கா இருந்தார். இந்த விஷயத்தை அவர் காதுபடப் பேசும் நிலையில் நான் இல்லை. அதனால்தான் கடிதம்.

எங்கள் மகள், அதாவது உங்கள் மருமகள், வெளிநாட்டில் பிள்ளை பெறப்போவதும், பிரசவத்தின்போது அம்மா பக்கத்தில் இருந்தே தீரவேண்டும் என்று அவள் சொல்லியிருப்பதும் உங்களுக்குத் தெரியும். போன முறை விமானத்தில் போனபோது, உங்கள் அக்கா மடக்கிய கால் மடக்கியபடியே நின்றுவிட்டது. ஊழியர்கள் சேர்ந்து, பீரோவை மாடிப்படியில் இறக்குவதுபோல, "கொஞ்சம் சாய்ங்க, கொஞ்சம் திருப்புங்க" என்று சொல்லி அவரை இறக்கினார்கள். எலும்பு டாக்டர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "முன்னாடி பெரிய சீட்டுல காலை நீட்டிக்கிட்டுப் போறதா இருந்தா போங்க. இல்லேன்னா வீட்லயே இருங்க." அந்த இருக்கையின் விலையை விசாரித்தேன். முழு விமானத்துக்கும் சேர்த்துச் சொல்கிறார்களோ என்று இன்னொரு முறை கேட்டேன். இல்லையாம். உங்கள் அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. "சரி விடுங்க, போட்டோ அனுப்புவா, பாத்துக்கலாம்" என்றார். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் இதை ஆடிட்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ செலவு என்று பொருள். "அட்டைப்பெட்டி பண்றதுக்குக் காகிதம் மட்டும் எவ்வளவு வாங்கறீங்க? அத்தனையும் செக்கா குடுத்து என்ன சுகத்தைக் கண்டீங்க? கார்டுல குடுங்க, பாயிண்ட் சேரும். டிக்கெட் தானா வந்து மடியில விழும்" என்றார். அந்த வாரமே வங்கியிலிருந்து ஓர் அம்மையார் வந்து மூன்று கார்டுகளை என் மேசையில் பரப்பினார். முதலாவது, எதை வாங்கினாலும் அதில் சிறு பங்கைப் பணமாகவே திருப்பித் தரும். அதற்கு விளக்கப் புத்தகம்கூட இல்லை, ஒரு தாள்தான். இரண்டாவது, எதை வாங்கினாலும் ஒரே அளவு பயணப் பாயிண்ட் தரும். மூன்றாவது தங்க நிறம். ஆண்டுக் கட்டணம் மிக அதிகம். ஆனால் ஓட்டல் சாப்பாட்டுக்கு ஐந்து மடங்கு, விளம்பரத்துக்கு ஐந்து மடங்கு, விடுதியில் தங்கினால் ஐந்து மடங்கு. நான் அந்தப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல அடிக்கோடிட்டுப் படித்தேன். உங்கள் அக்கா காலுக்குத் தைலம் தடவியபடி, "நாம வாங்கறது காகிதம். காகிதத்துக்கு எது எவ்வளவு குடுக்குதுன்னு மட்டும் பாருங்களேன்" என்றார். "உனக்குப் புரியாது, இதுல அஞ்சு மடங்கு இருக்கு" என்றேன். மணமானவர்கள் 'உனக்குப் புரியாது' என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்காமல் விடுவது உத்தமம்.

கார்டு வந்த பிறகுதான், அது ஐந்து மடங்கு கொடுக்கும் எதையும் நான் வாங்குவதில்லை என்பது தெரிந்தது. இதைக் கார்டின் குறையாக நான் நினைக்கவில்லை. என் வாழ்க்கை முறையில்தான் குறை என்று கருதித் திருத்திக்கொள்ள முனைந்தேன். தொழிற்சாலை ஆட்கள் அனைவரையும் தினமும் மதியம் ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். முதல் வாரம் நன்றி சொன்னார்கள். அடுத்த வாரம் கட்டிங் மெஷின்காரர், "முதலாளி, இந்த ஓட்டல்ல ஏசி காத்தே வரல. வேற எடம் பாருங்க" என்றார். வயிறார உண்டு வந்தவர்கள் மதியத்துக்கு மேல் ஒட்டிய பெட்டிகளில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒட்டப்பட்டிருந்தன. சோப்புக் கம்பெனிக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பை எந்த வழியா சார் உள்ள அனுப்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விருந்தையும் நிறுத்தினேன். பசை ஒட்டும் பெண்களின் தலைவி என் அறை வாசலில் வந்து நின்று, "பழக்கமே இல்லாத வாய்க்குப் பழக்கத்தை உண்டாக்கினது யாரு?" என்றார். இப்போது வாரம் ஒரு நாள் என்று ஒப்பந்தம்.

ஓட்டலை விட்டுவிட்டு, ஆடிட்டர் சொன்னபடி காகிதத்துக்கே வந்தேன். அதற்குக் காகிதக்கடைக்காரர் சம்மதிக்க வேண்டுமே! "அண்ணே, இத்தனை வருஷமா உங்களுக்கும் எனக்கும் நடுவுல நாணயம் இருந்துச்சு, அது பத்தலையா? எதுக்கு ஒரு பிளாஸ்டிக்கு?" என்று வருந்தினார். கார்டு தேய்க்கும் மிஷினே தன்னிடம் இல்லை என்றார். நான் விடவில்லை. கடைசியில், நூற்றுக்கு இரண்டு கூடுதலாகத் தந்தால் மிஷினுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். கார்டு எனக்குத் தருவது நூற்றுக்கு ஒன்று. இந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட நிறுத்தியிருக்கும். நான் பட்டதாரி, தொடர்ந்தேன். சில நாளில் மிஷின் வந்தது. ரோஜா நிறம், லேசாகப் பவுடர் வாசனை. நான் அதையெல்லாம் ஆராயவில்லை. சுருள் சுருளாகக் காகிதம் வாங்கினேன், தேய்த்தேன், மறுபடி வாங்கினேன். உங்கள் அக்கா மகளிடம் "வரேன்டி" என்று சொல்லிவிட்டார். சூட்கேசும் பரணிலிருந்து இறங்கியது.

ஒரு நாள் வீட்டுக்குப் போன் வந்தது. உங்கள் அக்கா எடுத்தார். பேசியது கார்டு அலுவலகத்துப் பெண். "மேடம், சாரோட கார்டுல ஒரு பியூட்டி பார்லர்ல தொடர்ந்து பெரிய பெரிய தொகையா போயிட்டிருக்கு. சாருக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?" உங்கள் அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு என் தலையைப் பார்த்தார். என் தலையை நீங்கள் அறிவீர்கள். அதில் செலவு செய்ய எதுவும் மிச்சமில்லை.

"யாரு தலைக்கு?" என்று கேட்டார்.

நான் உடனே அவரை ஆட்டோவில் ஏற்றிக் காகிதக்கடைக்கு அழைத்துப் போனேன். விசாரித்ததில், கடைக்காரர் தன் மனைவி நடத்தும் பார்லரிலிருந்து மிஷினை இரவல் வாங்கி வந்திருந்தது தெரிந்தது. "மிஷின் எல்லாம் ஒண்ணுதானேண்ணே? பணம் ஒரே வீட்டுக்குத்தானே வருது?" என்று அவர் என்னையே கேட்டார். அவர் மனைவியும் வந்து சாட்சி சொன்னார்: "அண்ணன் எங்க பார்லர் வாசப்படியை மிதிச்சதே இல்லைக்கா. மிதிச்சாலும் நாங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லை." உங்கள் அக்கா சிரித்துவிட்டார். கடைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் மானம் போனாலும் குடும்பம் தப்பித்தது.

உங்கள் அக்காவுக்குத் தெரிந்தது இதுவரைதான். இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். இது தொழிலுக்கான கார்டு, அலங்காரம் சொந்தச் செலவு, ஆகவே அந்தப் பாயிண்டுகள் செல்லாது என்று கார்டு அலுவலகம் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டது. காகிதம்தான் வாங்கினேன் என்று ரசீதுகளைக் காட்டினேன். "எங்க சிஸ்டத்துல ஃபேஷியல்னுதான் சார் இருக்கு" என்றார்கள். ஆடிட்டரிடம் போனேன். "ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி கணக்குல இவ்வளவு ஃபேஷியலை நான் எப்படி சார் எழுதறது?" என்று அவரும் கண்ணாடியைக் கழற்றினார். ஆட்கள் ஓட்டலில் சாப்பிட்ட பாயிண்டுகள் மட்டுமே மிச்சம். அதை வைத்து அந்த இருக்கையில் பாதிக் கடல் வரை போகலாம். வீட்டிலோ உங்கள் அக்கா குழந்தைக்குத் துணிகளை அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார். "டிக்கெட் எப்ப வருதுங்க?" என்று காலையில் கேட்டார். "வந்துட்டே இருக்கு" என்றேன்.

ஆகவே மைத்துனரே, சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். உங்கள் செலவு டீசலுக்கும் டயருக்கும்தான். அவற்றுக்கு எது என்ன தரும் என்று முதலில் பாருங்கள். தங்க நிறத்தைப் பார்க்காதீர்கள். விற்கிறவர் கார்டுக்கென்று கூடுதலாகக் கேட்டால், அவருக்குக் கொடுப்பது உங்களுக்கு வருவதைவிடக் குறைவா என்று கேளுங்கள். மிஷின் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். முடிந்தால் முகர்ந்தும் பாருங்கள். மாதக் கடைசியில் பாக்கி முழுவதையும் கட்ட முடியாதென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வாங்கியே ஆகவேண்டுமென்றால் பணமாகத் திருப்பித் தரும் கார்டை வாங்குங்கள். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். நம் குடும்பத்தில் இந்தப் பாடத்துக்கு ஒருவர் கட்டணம் கட்டியது போதும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். லாரிகளுக்கு மேடு பள்ளமில்லாத சாலைகள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலனில் அக்கறையுள்ள அத்தான்

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். வங்கி அம்மையார் இப்போதுதான் போன் செய்தார். தொழிலில் பெரிய செலவு உள்ள ஒருவரை நான் சேர்த்துவிட்டால், அவர் கையெழுத்திட்ட அன்றே என் கணக்கில் பாயிண்ட் ஏறுமாம். கூட்டிப் பார்த்தேன், உங்கள் அக்கா கடலைத் தாண்டிவிடுகிறார். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை உங்கள் லாரி ஷெட்டுக்கு வருவார். தங்க நிறக் கார்டைத்தான் காட்டுவார், அதற்குத்தான் பாயிண்ட். டீசலுக்கு அது ஒன்றும் தராது, அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். மேலே நான் எழுதியவை பொதுமக்களுக்கானவை. நெருங்கிய உறவினருக்குப் பொருந்தா. டிக்கெட் வந்ததும் அக்கா உங்களை அழைத்து, "பாத்தியாடா, உங்க அத்தான் சாமர்த்தியத்தை!" என்பார். "ஆமாக்கா" என்று மட்டும் சொல்லுங்கள்.